மண்டி விலைப் பலகை: லோடாஷ் முழுதும் வேண்டுமா? பூப் பெயர் வரிசையும் எடைக் கூட்டலும் தப்பாக வருகிறது

பாலக்கோட்டான் (கேள்வி)

வணக்கம். பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் மண்டிகளின் அன்றாட விலையை ஒரே பக்கத்தில் காட்டும் சின்னச் செயலி இது. பிரவுசரில் ஓடும் முன்பக்கம் வீட், ரியாக்ட். பின்னால் சர்வரில் நோட் 20, எக்ஸ்பிரஸ். நாளொன்றுக்கு 600 வரி வரை வரும். ஒவ்வொரு வரியிலும் தேதி, மண்டி, சரக்கு, ரகம், குறைந்த விலை, அதிக விலை, எடை இருக்கும். இரண்டு பக்கமும் லோடாஷ் 4.17.15, அதாவது ஜாவாஸ்கிரிப்டுக்கான ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு.

மாட்டிக்கொண்ட இடங்கள்:

பில்டில் (பிரவுசருக்குப் போகும் கட்டிய கோப்பில்) லோடாஷ் மட்டும் 70 கேபிக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. எடுத்துக்கொள்வது குரூப்பை (குழுவாக்க), சார்ட்பை (வரிசைப்படுத்த), சம்பை (கூட்ட), டிபவுன்ஸ் (தட்டுவது நின்ற பிறகே ஓட), ட்ரங்கேட் (நீளச் சொல்லை வெட்ட) இவ்வளவுதான். சர்வரில் மட்டும் மெர்ஜ் (ஆப்ஜெக்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்க). நெளிவு அடைப்புக்குள் பெயர் சொல்லித்தான் இம்போர்ட் செய்கிறேன், அப்படியும் முழு மூட்டையும் வருகிறது.

தேடல் பெட்டிக்கு 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் வைத்தும் ஒவ்வோர் எழுத்துக்கும் சர்வருக்குக் கோரிக்கை போகிறது.

பூ வகைகளை சார்ட்பையில் போட்டால் சாமந்தி, ஜாதிமல்லி, மல்லி, ரோஜா என்று வருகிறது. ஜாதிமல்லி கடைசியில் அல்லவா வர வேண்டும்?

120 கிலோ, 85 கிலோ என்ற இரண்டு வரியைக் கூட்டினால் 205 வராமல் 12085 வருகிறது.

பாலக்கோடு என்ற மண்டி குரூப்பையில் இரண்டு தனித்தனிக் குழுவாக நிற்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இதற்கு மேல், பேக்கேஜ்களில் பாதுகாப்பு ஓட்டையைத் தேடும் என்பிஎம் ஆடிட் லோடாஷைக் காட்டிச் சிவப்பில் எச்சரிக்கிறது. லோடாஷையே தூக்கிவிடலாமா, வைத்துக்கொண்டு சரிசெய்யலாமா?

ஓசூர்_நோட்

அளவில் ஆரம்பிக்கிறேன். லோடாஷ் என்ற பேக்கேஜ் காமன்ஜேஎஸ் என்ற பழைய மாட்யூல் முறையில் எழுதப்பட்டது. அதிலிருந்து பெயர் சொல்லி ஒன்றை எடுத்தாலும், மற்றதெல்லாம் தேவையில்லை என்று, கோப்புகளை ஒன்றாகக் கட்டும் பண்ட்லரால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றையும் கட்டிவிடும். சுருக்கிய கோப்பு 70 கேபிக்கு மேல், ஜிஜிப் செய்தால் 25 கேபி அளவில் நிற்கும். முன்பக்கத்தில் லோடாஷ்-ஈஎஸ் பேக்கேஜுக்கு மாறுங்கள். ஃபங்ஷன்கள் அவையேதான், புதிய முறையான ஈஎஸ் மாட்யூலாகப் பிரித்திருப்பதால் வேண்டாதது உதிர்ந்துவிடும். மாறின பிறகும் அண்டர்ஸ்கோர் ஒன்றுக்குள் மொத்தத்தையும் டீஃபால்ட்டாக இம்போர்ட் செய்தால் பழைய கதைதான். செயின் போட்டு எழுதினாலும் அப்படியே, ஏனென்றால் சங்கிலிக்கு எல்லா ஃபங்ஷனும் அந்த ஒரே பொருளில் தொங்க வேண்டும்.

கோர் என்று 4 கேபியில் ஒரு சின்னப் பதிப்பு இருக்கிறது. அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், உங்களுக்குத் தேவையான டிபவுன்ஸும் குரூப்பையும் அதில் கிடையாது.

ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. தனியாக எடுத்தாலும் எல்லா ஃபங்ஷனும் சின்னது அல்ல. டிபவுன்ஸ் எடை குறைவு. குரூப்பை, சார்ட்பை, சம்பை மூன்றும் இரண்டாவது உள்ளீடாக ஃபங்ஷன், ஃபீல்டின் பெயர், ஒப்பிட வேண்டிய ஆப்ஜெக்ட் எதைக் கொடுத்தாலும் ஏற்கும். அந்த வசதிக்காக ஆப்ஜெக்ட்டை ஆழமாக ஒப்பிடும் எந்திரம் முழுதும் கூடவே வரும். ஃபீல்டின் பெயரை மட்டும் கொடுக்கும் உங்களுக்கு அது வீண் சுமை. முன்பக்கத்தில் டிபவுன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மொழியில் உள்ளதைக் கொண்டே எழுதுங்கள். கூட்டலுக்கு ரெட்யூஸ் ஒரு வரி. குழுவாக்க ஆப்ஜெக்ட்.குரூப்பை இருக்கிறது: குரோம் 117, ஃபயர்பாக்ஸ் 119, சஃபாரி 17.4 முதல். அது திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்டுக்கு புரோட்டோடைப் (ஆப்ஜெக்ட்டுகள் பொது ஃபங்ஷன்களைப் பெறும் மூலம்) கிடையாது. அதன்மேல் ஹேஸ்ஓன்ப்ராபர்ட்டி கூப்பிட்டால் பிழை வரும், ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன் கொண்டு பாருங்கள்.

டிபவுன்ஸ் ஏன் வேலை செய்யவில்லை என்பது கோடைப் பார்க்காமலே தெரிகிறது. ஆன்சேஞ்ச் ஃபங்ஷனுக்குள்ளேயோ காம்பொனன்ட்டின் உடலிலேயோ அதை உருவாக்குகிறீர்கள். டிபவுன்ஸ் திருப்பித் தருவது தனக்கென்று ஒரு டைமர் வைத்திருக்கும் புதிய ஃபங்ஷன். எழுத்து தட்டும்போதெல்லாம் காம்பொனன்ட் மறுபடி ஓடிப் புது டைமர் பிறக்கிறது. பழையதை யாரும் ரத்து செய்வதில்லை, ஒவ்வொன்றும் தன் 300 முடிந்ததும் கோரிக்கையை அனுப்பிவிடுகிறது. யூஸ்மெமோவுக்குள் காலி டிபென்டன்சி பட்டியலோடு ஒரே ஒரு தடவை உருவாக்குங்கள். காம்பொனன்ட் கழலும்போது யூஸ்எஃபெக்டின் துப்புரவுப் பகுதியில் கேன்சல் கூப்பிடுங்கள். அப்படி உருவாக்கிய ஃபங்ஷன் முதல் தடவை பார்த்த ஸ்டேட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். தேர்ந்தெடுத்த மண்டியை உள்ளேயிருந்து படிக்காமல் தேடல் சொல்லோடு சேர்த்து ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள். இல்லையென்றால் ராயக்கோட்டைக்கு மாற்றின பிறகும் பாலக்கோட்டு விலையே வரும்.

டிபவுன்ஸ் கோரிக்கையின் எண்ணிக்கையைத்தான் குறைக்கும், பதில் வரும் வரிசையை அது பார்க்காது. சித்தேரி மலையில் சிக்னல் மெலிந்த இடத்தில் திறந்தால் முதல் கோரிக்கையின் பதில் இரண்டாவதற்குப் பிறகு வந்து சேர்ந்து, சரியான பட்டியலை அழித்துவிடலாம். புதிய கோரிக்கை கிளம்பும் முன் பழையதை அபார்ட்கன்ட்ரோலரால் வெட்டுங்கள்.

அரூர்க்காரி

தம்பி, தமிழ் சம்பந்தப்பட்ட மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். லோடாஷ் சொன்னதைத்தான் செய்கிறது, ஆனால் அது செய்வது தமிழுக்குப் போதாது.

வரிசை. சார்ட்பை இரண்டு சொல்லைப் பெரிது, சிறிது என்று ஒப்பிடுவது யூனிகோடு எண்ணை வைத்து. யூனிகோடு அட்டவணையில் ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் இருக்கிறது. ன என்பது ந-வை அடுத்து, ப-வுக்கு முன்னால். கடைசியில் ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. நம் நெடுங்கணக்கு ர, ல, வ, ழ, ள, ற, ன என்று போய், கிரந்த எழுத்து அதற்குப் பிறகுதான் வரும். அதனால்தான் ஜாதிமல்லி முன்னால் ஏறிவிட்டது. காயும் பூவும் கலந்த பட்டியலிலும் பாருங்கள்: கோவைக்காய் முன்னால் வர வேண்டிய இடத்தில் கோழிக்கொண்டை வந்திருக்கும், ழ-வின் எண் வ-வின் எண்ணைவிட ஒன்று குறைவு.

சார்ட்பையிலும் ஆர்டர்பையிலும் ஒப்பிடும் ஃபங்ஷனை நாமே கொடுக்க வழி இல்லை. எதை வைத்து ஒப்பிடுவது என்று மட்டும்தான் சொல்லலாம். மொழிக்கேற்ற வரிசை தெரிந்த இன்டில்.கொலேட்டரை 'டிஏ' என்ற தமிழ்க் குறியீட்டோடு கோப்பின் மேலேயே ஒரு தடவை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதன் கம்பேரை, வரிசைப்படுத்திப் புது அரே தரும் டூசார்ட்டெடுக்குக் கொடுங்கள், சாமந்தி, மல்லி, ரோஜா, ஜாதிமல்லி என்று வரும். ஒப்பிடும் ஒவ்வொரு தடவையும் லோகேல்கம்பேர் கூப்பிடுவதைவிட இது வேகம். வெறும் சார்ட் போட்டால் மூல அரேயே கலைந்துவிடும். சார்ட்பை புது அரே தந்ததால் இதுவரை உங்களுக்கு அந்தச் சிக்கல் தெரிந்திருக்காது, ரியாக்ட் ஸ்டேட்டில் அது பெரிய தலைவலி. டூசார்ட்டெட் நோட் 20இலும் குரோம் 110 முதலும் உண்டு. பழைய போன்களுக்கு ஸ்பிரெட் போட்டு நகல் எடுத்து சார்ட் செய்யுங்கள்.

முதலில் மண்டிப் பெயர், அதற்குள் விலை இறங்குமுகம் என்று வேண்டுமானால்: கொலேட்டர் தரும் எண் சுழியமாக இல்லையென்றால் அதையே திருப்பித் தாருங்கள், சுழியம் என்றால் இரண்டாவதன் விலையிலிருந்து முதலாவதன் விலையைக் கழித்துத் தாருங்கள். நடுவில் இரட்டைக் குழாய் அடையாளம் போட்டால் ஒரே வரியில் முடியும்.

வெட்டுதல். ட்ரங்கேட்டை நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அங்கேயும் தப்பு காத்திருக்கிறது. ‘பாப்பிரெட்டிப்பட்டி’ என்பதில் நாம் எண்ணினால் 10 எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினால் 19, ஏனென்றால் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி எண். நீளம் 12 என்று ட்ரங்கேட்டுக்குக் கொடுத்தால் மூன்று புள்ளிக்கு இடம் விட்டு 9 எண்ணை வைத்துக்கொள்ளும். கிடைப்பது ‘பாப்பிரெட...’. ட்-இன் தலையிலிருந்த புள்ளி போய்விட்டது. லோடாஷ் எமோஜியையும் லத்தீன் எழுத்தின் மேற்குறிகளையும் சேர்த்துப் பிடிக்கும், தமிழ் உயிர்க்குறிகள் அதன் பட்டியலில் இல்லை. டூஅரே, ஸ்ப்ளிட், சைஸ் எல்லாவற்றிலும் இதே குறை. எழுத்தெழுத்தாகப் பிரிக்க இன்டில்.செக்மென்டரை கிராஃபீம் முறையில் வையுங்கள், 10 துண்டு சரியாக வரும். ஃபயர்பாக்ஸில் 125 முதல்தான் இது உண்டு. க்ஷ மட்டும் இரண்டு துண்டாக வரும் என்பதை நினைவில் வையுங்கள். வெறும் காட்சிக்காக வெட்டுவதென்றால் ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம், சிஎஸ்எஸ்ஸின் டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ போதும். முழுப் பெயரும் பக்கத்தில் இருக்கும், தேடவும் கிடைக்கும்.

இரட்டைப் பாலக்கோடு. கோ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்றாகச் சேர்ந்தது ஒரு விதம். க-வோடு இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக வருவது இன்னொரு விதம். எந்தக் கீபோர்டில் தட்டினார்கள், எந்தக் கோப்பிலிருந்து ஒட்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். திரையில் வித்தியாசம் தெரியாது, குரூப்பைக்கு இரண்டும் வேறு சாவி. தரவு உள்ளே வரும் இடத்திலேயே டிரிம் செய்து, இரண்டு விதத்தையும் ஒரே வடிவாக்கும் நார்மலைஸை என்எஃப்சி என்று சொல்லிக் கூப்பிடுங்கள். தேடல் சொல்லுக்கும் அதையே செய்யுங்கள்.

ஆனால் தருமபுரி, தர்மபுரி இரண்டையும் எந்த நார்மலைஸும் ஒன்றாக்காது. அரசுத் தாளில் ஒன்று, கடைப் பலகையில் மற்றொன்று, இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. மண்டிக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து அந்த எண்ணை வைத்துக் குழுவாக்குங்கள். பெயர் காட்சிக்கு மட்டும் இருக்கட்டும்.

பாலக்கோட்டான்

அக்கா, அண்ணா இருவருக்கும் நன்றி. கொலேட்டர் போட்டதும் ஜாதிமல்லி கடைசிக்குப் போய்விட்டது. என்எஃப்சி செய்ததும் பாலக்கோடு ஒரே குழுவானது.

இப்போது இரண்டு சந்தேகம். ஆப்ஜெக்ட்.குரூப்பை பிரவுசரில் ஓடுகிறது, சர்வரில் அது ஃபங்ஷனே இல்லை என்று விழுகிறது. இன்னொன்று, கணினியில் ஒலிபெயர்ப்புக் கீபோர்டில் தட்டும்போது சொல் முடியும் முன்பே அரைகுறை எழுத்தோடு தேடுகிறது. எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று சொல்லும் ஈஸ்கம்போசிங் பார்த்து நிறுத்தினால் கணினியில் சரியாகிறது, போனில் தேடலே நடப்பதில்லை.

அரூர்க்காரி

போனில் பல கீபோர்டுகள் சொல் முடிந்து இடைவெளி தட்டும்வரை கம்போசிங் நிலையிலேயே இருக்கும். அதனால் அந்தச் சோதனை எல்லாவற்றையும் மறித்துவிடுகிறது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒன்று செய்யலாம்: ஈஸ்கம்போசிங்கை எடுத்துவிட்டு டிபவுன்ஸ் நேரத்தை 400க்கு ஏற்றுங்கள். கணினியில் மட்டும் அந்தச் சோதனை வேண்டுமென்றால் கம்போசிஷன்எண்ட் நிகழ்வையும் சேர்த்துக் கேளுங்கள். குரோமில் கடைசி இன்புட் நிகழ்வு வரும்போதும் கம்போசிங் உண்மை என்றுதான் இருக்கும், அதற்குப் பிறகுதான் எண்ட் வரும். அதைக் கேட்காவிட்டால் முடிந்த சொல்லுக்குத் தேடலே போகாது.

நிறுத்தாமல் தட்டிக்கொண்டே போகிறவருக்கும் நடுவில் ஏதாவது பதில் தெரிய வேண்டுமானால் டிபவுன்ஸில் மேக்ஸ்வெயிட் (அதிகபட்சக் காத்திருப்பு) 1000 என்று கொடுங்கள். எழுதித் தீர்க்க எளிது என்று தோன்றும் இந்த ஃபங்ஷனை நான் லோடாஷிலிருந்தே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். மேக்ஸ்வெயிட், கேன்சல், ஃபிளஷ் மூன்றையும் பிழையில்லாமல் கையால் எழுதுவது அவ்வளவு சுலபமில்லை.

காவேரிப்பட்டணம்_பின்கட்டு

சர்வர் பக்கம் நான் சொல்றேன்.

ஆப்ஜெக்ட்.குரூப்பை நோட் 21ல தான் வந்துச்சு. 20ல இருக்கீங்கன்னா லோடாஷ் குரூப்பையே வெச்சுக்குங்க, இல்லன்னா நோடை ஏத்துங்க. சர்வர்ல 70 கேபி ஒரு பொருட்டே இல்ல, யாரும் டவுன்லோட் பண்ணப் போறதில்ல. அங்கிருந்தும் லோடாஷை எடுத்துடணும்னா அதுக்குக் காரணம் வேற ஏதாவது இருக்கணும்.

இம்போர்ட்ல ஒரு சிக்கல். நோட்ல ஈஎஸ் மாட்யூல் கோப்புக்குள்ள லோடாஷிலிருந்து நெளிவு அடைப்புல பேர் சொல்லி எடுத்தா, அந்தப் பேர்ல எக்ஸ்போர்ட் இல்லன்னு விழும். முழுசா டீஃபால்ட்டா எடுத்து அடுத்த வரியில பிரிச்சுக்குங்க. தனிக் கோப்பா எடுக்கறதுன்னா கடைசியில ஜேஎஸ் எக்ஸ்டென்ஷன் கட்டாயம். வீட்ல அது இல்லாமலே ஓடும், அதே வரியைச் சர்வருக்கு ஒட்டினா மாட்யூல் கிடைக்கலன்னு நிக்கும்.

12085 விவகாரம். சம்பை முதல் மதிப்பை எடுத்து அடுத்ததைக் கூட்டல் குறியால சேர்க்கும், அவ்வளவுதான். ஃபார்ம்ல இருந்து வந்த எடை ஸ்ட்ரிங், அதனால ஒட்டிக்கிச்சு. கூட்டுற இடத்துல நம்பர்னு மாத்தறதைவிட தரவு உள்ள நுழையற இடத்துல மாத்துங்க, இல்லன்னா சார்ட்லயும் 100க்குப் பின்னால 20 வரும். மாத்தும்போது பாத்துக்க வேண்டியது: காலி ஸ்ட்ரிங் நம்பராகும்போது 0 ஆயிடும். விலை போடாத வரி 0 ரூபாய்னு நுழைஞ்சு அந்த நாளோட சராசரியையே கீழ இழுத்துடும். காலியா இருந்தா நல் (மதிப்பு இல்லைங்கிற அடையாளம்) வெச்சு, சராசரி எடுக்கும் முன்ன வடிகட்டிடுங்க. ‘1,250’னு கமா போட்டு வந்தா நம்பர், டூநம்பர் ரெண்டுமே நாட்-ஏ-நம்பர் தரும். பார்ஸ்ஃப்ளோட் இன்னும் மோசம், சத்தமில்லாம 1னு தந்துடும். கமாவை எடுத்துட்டு மாத்துங்க. எல்லா வரியும் வடிகட்டிப் போய் காலி அரேக்கு மீன்பை போட்டாலும் நாட்-ஏ-நம்பர்தான், திரையில அன்னைக்கு வரத்து இல்லன்னு காட்டுங்க.

ஈஸ்எம்ப்டியை எண் மேல போடாதீங்க. அது 5க்கும் காலின்னு உண்மைதான் சொல்லும், ஏன்னா எண்ணுக்குள்ள எண்ணிக்கை எடுக்க எதுவும் இல்ல. ஆப்ஜெக்ட்டுல இருந்து மதிப்பு எடுக்கிற கெட் ஃபங்ஷனுக்கு டீஃபால்ட் மதிப்பு கொடுத்திருந்தா, அது அன்டிஃபைன்டுக்கு மட்டும்தான் பலிக்கும். டேட்டாபேஸ்ல இருந்து நல் வந்தா நல்லே வரும். இரட்டைக் கேள்விக்குறி ரெண்டையும் பிடிக்கும்.

காசு ரவுண்டுக்கு மட்டும் லோடாஷ் ரவுண்ட் நல்லது. 1.005ஐ ரெண்டு தசமத்துக்கு 100ஆல பெருக்கி மேத்.ரவுண்ட் பண்ணி வகுத்தா 1 வரும், லோடாஷ் 1.01 தரும்.

இப்ப ஆடிட். அதை அலட்சியம் பண்ணாதீங்க. 4.17.15ல ஜிப்ஆப்ஜெக்ட்டீப் வழியா புரோட்டோடைப் கெடுக்கலாம், டெம்ப்ளேட் வழியா கோடு நுழைக்கலாம், நீளமான வெற்றிடம் கொடுத்து டிரிம், டூநம்பர் ரெண்டையும் திணறடிக்கலாம். கடைசி ரெண்டும் 2021ல வந்த 4.17.21ல சரியாச்சு, அதுக்குக் கீழ இருக்காதீங்க. பேக்கேஜ் கோப்புல தொப்பிக்குறி (புதுசு வந்தா எடுத்துக்கலாம்னு அர்த்தம்) போட்டிருந்தாலும் லாக் கோப்பு பழைய எண்ணையே பிடிச்சிருக்கும். என்பிஎம் அப்டேட் லோடாஷ்னு ஓட்டுங்க. அப்புறம் என்பிஎம் எல்எஸ் லோடாஷ்னு கேட்டா யார் யார் உள்ள இழுத்திருக்காங்கன்னு மரமா காட்டும். வேற பேக்கேஜ் பழசை இழுத்தா ஓவர்ரைட்ஸ்ல எண்ணைக் கட்டாயப்படுத்துங்க. லோடாஷ்.டெம்ப்ளேட் மாதிரி புள்ளி வெச்ச தனிப் பேக்கேஜ் எதையும் சேர்க்காதீங்க, அதுக்கெல்லாம் இந்தத் திருத்தம் போய்ச் சேரல.

எண்ணை ஏத்தினா மட்டும் போதாது. பயனர் அனுப்புற ஜேசனை நேரா செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட் மேல மெர்ஜ் பண்றீங்களா? ரெண்டு பக்கமும் இரட்டை அண்டர்ஸ்கோர் வெச்ச புரோட்டோங்கிற சாவியை ஜேசன்.பார்ஸ் சாதாரண சாவியாவே உருவாக்கிடும். பழைய மெர்ஜ் அதைப் பின்தொடர்ந்து எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவான புரோட்டோடைப்ல எழுதிடும். அப்புறம் சர்வர்ல இருக்கிற ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் தன்னை அட்மின்னு சொல்லும். முதல்ல பிக் போட்டு உங்களுக்கு வேண்டிய நாலஞ்சு ஃபீல்டை மட்டும் எடுங்க, அதுக்குப் பின்னாடி மெர்ஜ்.

பாலக்கோட்டான்

அண்ணா, மெர்ஜ் அப்படித்தான் இருந்தது, பிக் போட்டுவிட்டேன். எண் 4.17.21. முன்பக்கத்தில் இப்போது லோடாஷ்-ஈஎஸ்ஸிலிருந்து டிபவுன்ஸ் மட்டும்.

மெர்ஜில் ஒன்று புரியவில்லை. வணிகர் தனக்கு வேண்டிய மண்டிகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்துச் சேமித்தால், சேமித்த பிறகும் மூன்று வருகிறது. முதலாவது மட்டும் மாறியிருக்கிறது.

காவேரிப்பட்டணம்_பின்கட்டு

மெர்ஜ் அரேயை மாத்தி வைக்காது, இடம் இடமா சேர்க்கும். புது அரேல 0ஆம் இடம் மட்டும் இருக்கு, அது பழைய 0 மேல உக்காந்துச்சு. 1ம் 2ம் அப்படியே நிக்குது. மெர்ஜ்வித் எடுத்துக்குங்க, கடைசி ஆர்கியுமென்ட்டா ஒரு ஃபங்ஷன் கொடுங்க: வர்ற மதிப்பு அரேன்னா அதையே திருப்பித் தரணும், இல்லன்னா எதையும் தரக்கூடாது. எதுவும் தரலன்னா மெர்ஜ் தன் வழக்கப்படி பாத்துக்கும்.

இன்னொன்னு, மெர்ஜ் முதல் ஆர்கியுமென்ட்டையே மாத்தும். டீஃபால்ட் செட்டிங்ஸை முதல்ல வெச்சிருந்தீங்கன்னா ஒருத்தர் சேமிச்சது அடுத்தவருக்கும் டீஃபால்ட்டா போயிடும், சர்வரை நிறுத்தி ஓட்டுற வரைக்கும். முதல்ல காலி ஆப்ஜெக்ட் ஒண்ணு வைங்க, அப்புறம் டீஃபால்ட், அப்புறம் பயனர் கொடுத்தது. இதையெல்லாம் நோட் கன்சோல்ல போட்டுப் பாக்கறப்ப லோடாஷுக்கு அண்டர்ஸ்கோர்னு பேர் வைக்காதீங்க. கன்சோல் கடைசி விடையை அந்தப் பேர்லதான் வெச்சுக்கும், நீங்க வெச்ச பேரோட அது மோதும். எல்டின்னு வெச்சுக்குங்க.